எதிரெடை

இயந்திரத்துக்குச் சமநிலை வேண்டும்.
ஒற்றைக் குழாயை வைத்துச் சுழலவிட்டால்
மேசையிலேயே நடக்கத் தொடங்கும்.
போன வருடம் நடந்தது, ஜன்னல் வரை.
அதனால் ஒருவர் ரத்தத்துக்கு எதிரே
இன்னொருவர் ரத்தம் வைப்பேன்.
ஆள் வராத நாளில் வெறும் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை.
லிஸ்பனின் சரிவான தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில்,
குஸ்டோடியு சட்டைக் கையை மடித்துவிடுகிறார்.
முப்பத்தொரு வருடம் நடைபாதைக்குக் கல் பதித்தவர்.
வெள்ளைக் கல், கறுப்புக் கல்,
உள்ளங்கையில் ஒரு திருப்பு, சுத்தியலால் ஒரு தட்டு.
ஊரெல்லாம் நடந்தது,
தேய்ந்தது இவர் முழங்கால்.
எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
இருக்க வேண்டிய இடைவெளியைக்
காணவில்லை.

அடுத்த நாற்காலியில் இவோனி.
நோட்டரி அலுவலகத்தில் முத்திரை குத்துபவர்.
கண்ணுக்குக் கீழே தங்கிவிட்ட நிழலை
எடுத்துவிட வந்திருக்கிறார்.
"தூங்கினால் போகாதா?" என்றார் குஸ்டோடியு.
"தூங்கிப் பார்த்தேன், பத்து வருஷம்."

இருவர் பெயரையும் இரண்டிரண்டு முறை எழுதி ஒட்டுகிறேன்.
மூடியை அழுத்துகிறேன்.
தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
இங்கே தானும் ஆடாமல், சதையும் ஆடாமல்
ரத்தம் மட்டும் ஆடுகிறது
நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை.

அடியில் சிவப்பு தங்கும்.
மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளியும்.
நடுவே நகக்கீறல் அளவு ஒரு வெள்ளை வரி:
காயம் எங்கே என்பதைத் தவிர
வேறொன்றும் தெரியாத அணுக்கள்.
பழைய வலிக்கு அவை வருவதில்லை.
வலித்து வலித்து உடம்புக்கு அது பழகிவிட்டது.
புதுசாக வெட்டுப்பட்டதென்று ஊசியால் பொய் சொல்லி
நாங்கள் அவற்றைக் கூப்பிடுகிறோம்.
டாக்டர் கிண்டெலா இப்படிச் சொல்லமாட்டார்.
"சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை" என்பார்,
பில் போடும் முன்பே சொல்லிவிடுவார்.
அந்த மட்டும் நல்லவர்.

ஒன்பதாம் நிமிடத்தில் மின்சாரம் போயிற்று.

சுழற்சி தளர்ந்து, தளர்ந்து,
பம்பரம் சாயும் ஓசையோடு நின்றது.
மூடியைத் திறந்தால்
முழங்காலும் முகமும் எதிரெதிரே,
இரண்டும் பாதியில் கலங்கி,
எது யாருடையது என்று
சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

"வேண்டாம், கொட்டிவிடு" என்றார் டாக்டர்.
இருபது நிமிடம் கழித்து விளக்கு வந்தது.
குஸ்டோடியு மறு கையை நீட்டினார்,
கடன் கொடுத்துப் பழகியவர் போல.
மகள் லக்ஸம்பர்க்கிலிருந்து அனுப்பும் பணம்,
மூன்று தவணை, இது இரண்டாவது.
இவோனி பையை எடுத்துக்கொண்டு
டிராமுக்கு நேரமாகிறது என்று இறங்கிவிட்டார்.
ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதுமாம்.

"எனக்கு எதிரே யார் இப்போது?"
"தண்ணீர்."
"தண்ணீரா," என்றார்.
அதில் வருத்தமா இல்லையா, சொல்லத் தெரியவில்லை.

அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், கதவு திறந்தது.
இவோனி. தலைமுடி நனைந்து, ஒரு செருப்பு கையில்.
"மழை. கல்லெல்லாம் வழுக்குகிறது,
யார்தான் பதித்தார்களோ!"
"புதுக் கல் வழுக்காது அம்மா.
நீங்கள் எல்லோரும் நடந்து நடந்து
மெருகேற்றிவிட்டீர்கள்."
அவர் உட்கார்ந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி
கையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.
தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன்.

நான்கு மாதம் ஆகிறது.
படி இறங்கும்போது தேவலை என்கிறார் அவர்,
ஏறும்போது அப்படியேதான்.
அந்தம்மாவின் நிழல் மெலிந்திருக்கிறது,
அல்லது குளியலறை விளக்கை மாற்றியிருக்கிறாராம்,
அவருக்கே சந்தேகம்.

இன்றைக்குப் பதிவு ஒன்றே ஒன்று.
டென்னிஸ் ஆடும் பையன், முழங்கை.
எதிர்க்குழாயில் தண்ணீர் ஊற்றுகிறேன்,
கோடு வரை.
ஒரு சொட்டு கூடிவிட்டது.
திரும்ப எடுக்கிறேன்.